டாம் டேலி: தனிநபர் ஒலிம்பிக் தங்கம் இல்லாதவரைப் பெரும் வீரர் என்று சொல்லலாமா?

கரையோரத்தான் எழுதியது:

2024 பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த கையோடு, உயர மேடையிலிருந்து நீரில் குதிக்கும் பிரிட்டன் டைவிங் வீரர் டாம் டேலி ஓய்வை அறிவித்ததிலிருந்து, "பிரிட்டன் கண்ட தலைசிறந்த டைவர்" என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை மறுப்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் அவர் வென்றவை ஒரு தங்கம், ஒரு வெள்ளி, மூன்று வெண்கலம். தங்கமும் வெள்ளியும் ஒரு வெண்கலமும் இருவர் ஒரே நேரத்தில் குதிக்கும் ஜோடிப் பிரிவில் வந்தவை. 10 மீட்டர் மேடையில் தனியாக நின்று அவர் பெற்றவை லண்டன் வெண்கலமும் டோக்கியோ வெண்கலமும் மட்டுமே.

லண்டன் வெண்கலத்திலும் ஒரு சலுகை உண்டு. முதல் சுற்றில் கேமரா ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணை மறைத்தது என்று முறையிட்டு, மறுமுறை குதிக்க அனுமதி பெற்று, மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்டார். ரியோவில் தனிநபர் அரையிறுதியில் 18 பேரில் 18ஆம் இடம். இப்படிப்பட்ட பட்டியலோடு ஒருவர் தலைசிறந்தவர் ஆகிறார் என்றால், அதற்குக் காரணம் குளத்துக்கு வெளியே உள்ள புகழ்தான்: 14 வயதில் பெய்ஜிங் சென்ற சிறுவன், 2013இல் யூடியூபில் தன் பாலீர்ப்பைப் பற்றித் துணிவோடு பேசிய இளைஞன், டோக்கியோவில் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கம்பளி பின்னியவர். மனிதராக அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பிரிட்டனுக்கு டைவிங்கில் முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தவர்கள் 2016இல் 3 மீட்டர் ஜோடிப் பிரிவில் வென்ற ஜாக் லாஹரும் கிறிஸ் மியர்ஸும். அதே ரியோவில் லாஹர் தனிநபர் வெள்ளியும் வென்றார் என்பதை ஏன் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்?

ஏழாம் நடுவர் எழுதியது:

மறுகுதிப்புக் குற்றச்சாட்டைப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டு அலுத்துவிட்டது. ஒருமுறையாவது கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம். மறுகுதிப்பில் டேலி பெற்றது 91.80. முதலில் பெற்றதைவிட அது ஏறத்தாழ 16 புள்ளிகள் அதிகம். இறுதியில் அவருடைய மொத்தம் 556.95, நான்காம் இடத்தில் இருந்தவர் அவரைவிட 25 புள்ளிகளுக்கும் மேல் பின்தங்கியிருந்தார். அந்த 16 புள்ளிகளையும் பிடுங்கிக்கொண்டாலும் வெண்கலம் டேலிக்குத்தான். ஆகவே அந்தச் சலுகையால் அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. கெட்ட பெயர் மட்டும் கிடைத்தது.

ஐந்து சுற்றுகள் முடிந்தபோது முதலிடத்தில் இருந்தவர் யார் என்பதையும் தாங்கள் குறிப்பிடவில்லை. டேலி 466.20, அமெரிக்காவின் டேவிட் புடாயாவும் சீனாவின் சியூ போவும் ஆளுக்கு 466.05. சொந்த நாட்டு மக்கள் அரங்கை அதிரவைத்துக்கொண்டிருக்க, 18 வயதில், முந்தைய ஆண்டு மே மாதம் தந்தையை மூளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒருவர், உலகின் மிகச் சிறந்த இருவரைவிட 0.15 புள்ளி முன்னால் நின்று கடைசிக் குதிப்புக்குப் படியேறினார். இதற்குத் தாங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

கரையோரத்தான் எழுதியது:

மறுகுதிப்பைப் பற்றிய கணக்கை ஏற்கிறேன்; அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அந்த 0.15 முன்னிலையைத் தாங்கள் கொண்டாடுவது எனக்குச் சிரிப்பையே வரவழைக்கிறது, ஏனெனில் அது வெறும் மாயை. டைவிங்கில் ஏழு நடுவர்களின் மதிப்பெண்களில் மேலே இரண்டையும் கீழே இரண்டையும் நீக்கிவிட்டு, எஞ்சிய மூன்றின் கூட்டுத்தொகையைக் குதிப்பின் கடின மதிப்பால் பெருக்குவார்கள். டேலி கடைசிச் சுற்றுக்கு வைத்திருந்த குதிப்பின் கடின மதிப்பு 3.3, மற்ற இருவருடையதும் 3.6. டேலிக்கு 27.5 கிடைத்தது, ஆகவே 90.75. புடாயா 102.60, சியூ போ 100.80.

இப்போது நடுவர்கள் அனைவரும் டேலிக்குப் பத்துக்குப் பத்து கொடுத்திருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 30ஐ 3.3ஆல் பெருக்கினால் 99.00, மொத்தம் 565.20. சியூ போவின் மொத்தம் 566.85. குறையே இல்லாமல் குதித்திருந்தாலும் அவருக்கு வெள்ளிகூட எட்டியிருக்காது! ஒலிம்பிக் இறுதிக்கு அப்படியொரு குதிப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவரைப் பெரும் வீரர் என்பதா? மேடையில் தனிநபர் தங்கத்தைத் தொடர்ந்து மூன்று முறை வென்ற கிளாவுஸ் டிபியாசியும், இரண்டு முறை வென்ற கிரெக் லூகானிஸும் இருக்கும் வரிசையில் அவருக்கு எந்த இடம்?

ஏழாம் நடுவர் எழுதியது:

99.00 என்ற கணக்கு சரி. அதை நான் இதற்கு முன் போட்டுப் பார்த்ததில்லை, நன்றி. ஆனால் அதிலிருந்து தாங்கள் எடுக்கும் முடிவு சரியில்லை. டேலி தன் 3.6 குதிப்பை முதல் சுற்றிலேயே குதித்துவிட்டார்; மறுகுதிப்புச் சர்ச்சைக்கு உள்ளானதே அதுதான். ஆறு குதிப்புகளும் சேர்ந்துதான் ஒரு பட்டியல். எதை எப்போது குதித்தார் என்பது தொலைக்காட்சி பார்ப்பவரின் நெஞ்சுத் துடிப்புக்கு முக்கியமே தவிர, கூட்டுத்தொகைக்கு அல்ல.

படியிறங்கியவன் எழுதியது:

10 மீட்டர் மேடையில் ஒரே ஒருமுறை ஏறி, விளிம்பில் நின்று கீழே பார்த்துவிட்டு, வந்த படிவழியே இறங்கியவன் நான். என் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த உரையாடலில் எண்கள் இருக்கின்றன, உடம்பு இல்லை. மேடையிலிருந்து நீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அதற்குள் கிடைப்பது ஒன்றரை நொடியை ஒட்டிய நேரம். ஒரு கையால் மறுகையைப் பற்றி, உள்ளங்கையைத் தட்டையாக்கி நீரை அறைந்து ஒரு துளை போட வேண்டும், தோளும் இடுப்பும் காலும் அந்தத் துளை வழியாகவே போக வேண்டும். சரியாக அமைந்தால் துணி கிழிவதுபோல் ஓர் ஓசை எழும், நீர் தெறிக்காது. சற்றே பிசகினால் மணிக்கட்டும் தோளும் முதுகும் அதற்கான விலையைக் கொடுக்கும்.

லண்டனில் ஃபிளாஷ் பட்ட அந்த 3.6 குதிப்பு, பின்னோக்கி இரண்டரைக் குட்டிக்கரணமும் இரண்டரைத் திருகலும் கொண்டது. சுழலும்போது நீர் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பிடித்துக்கொண்டுதான் உடலை விரிக்க முடியும். கண்ணில் வெளிச்சம் அடித்தால் அது குருட்டுப் பாய்ச்சல். அன்று தொடங்கிய அச்சம் டேலியை விடவில்லை. அந்தக் குதிப்பையே பின்னர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, முன்னோக்கி மூன்றரைக் குட்டிக்கரணத்தோடு ஒரு முழுத் திருகலைச் சேர்த்த புதியதொன்றைக் கற்றுக்கொண்டார். பிளிமத்தில் சிறுவயது முதல் பயிற்றுவித்த ஆண்டி பேங்க்ஸை விட்டு, லண்டனில் ஜேன் ஃபிகரேடோவிடம் சேர்ந்த காலம் அது. "சலுகை" என்ற சொல்லைக் கரையோரத்தான் திரும்பப் பெற்றது நல்லது.

கரையோரத்தான் எழுதியது:

உடம்பைப் பற்றிச் சொன்னது எனக்கும் தேவையான பாடம்தான். ஆனால் அதே புதிய பயிற்சியாளர், அதே புதிய பட்டியல் ஆகியவற்றோடுதான் அவர் ரியோ போனார். தகுதிச் சுற்றில் 571.85 எடுத்து முதலிடம். மறுநாள் அரையிறுதியில் 403.25 எடுத்துக் கடைசி இடம். ஒரே இரவில் 168 புள்ளிகள் காணாமல் போயின. லூகானிஸ் 1988இல் ஸ்பிரிங்போர்டில் (துள்ளும் பலகையில்) தலை மோதி, தையல் போட்டுக்கொண்டு வந்து தங்கம் வென்றவர். பெரும் வீரர்களுக்கும் சிறந்த வீரர்களுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஓர் இரவில்தான் இருக்கிறது. டோக்கியோவிலும் தனிநபர் இறுதியில் தங்கம் வென்ற சாவ் யுவானைவிட 34.10 புள்ளி பின்னால்தான் முடித்தார். அது வெண்கலம்தான், தங்கத்துக்கான போட்டி அல்ல.

2009 ரோம் உலகச் சாம்பியன் பட்டத்தைச் சொல்வீர்கள் என்று தெரியும். 15 வயதில் வென்றது வியப்புதான். ஆனால் முன்னணியில் இருந்த சீன வீரர் சோவ் லூசின் கடைசிக் குதிப்பில் சறுக்கியதால் திறந்த கதவு அது.

ஏழாம் நடுவர் எழுதியது:

திறந்த கதவு வழியாக நுழையவும் 539.85 புள்ளிகள் வேண்டியிருந்தன. சியூ போ அன்று அதே கதவின் முன்தான் நின்றுகொண்டிருந்தார். அவரால் நுழைய முடியவில்லை. சரி, ரோமை விடுங்கள். 2017 புடாபெஸ்ட்டில் யாரும் சறுக்கவில்லையே? ரியோவில் இதே பிரிவில் தங்கம் வென்ற சென் ஐசென் 585.25 எடுத்தார்; அது பல ஆண்டுகளில் தங்கத்துக்குப் போதுமான எண். டேலி எடுத்தது 590.95. ரியோவில் கடைசியாக வந்த அடுத்த ஆண்டிலேயே ஒலிம்பிக் சாம்பியனை நேருக்கு நேர் வென்ற அந்த நாளையும் தங்கள் "ஓர் இரவு" தராசில் வைத்துப் பாருங்கள். மேடையில் எட்டாண்டு இடைவெளியில் இரண்டு தனிநபர் உலகப் பட்டங்கள். தாங்கள் முன்னிறுத்தும் லாஹரிடம் தனிநபர் உலகப் பட்டம் ஒன்றும் இல்லை.

ஜோடித் தங்கத்தைப் பாதித் தங்கமாக எண்ணும் வழக்கத்துக்கும் நான் உடன்படவில்லை. 2004 முதல் 2016 வரை ஆண்கள் 10 மீட்டர் ஜோடிப் பிரிவில் சீனாவைத் தவிர எவரும் ஒலிம்பிக் தங்கம் வென்றதில்லை. டோக்கியோவில் எட்டு டைவிங் தங்கங்களில் சீனா ஏழைக் கொண்டுபோனது. கைநழுவிய ஒன்று டேலியும் மேட்டி லீயும் எடுத்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் டேலிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. 471.81க்கு 470.58, வெறும் 1.23 வேறுபாடு. கடைசிச் சுற்றில் இவர்கள் குதித்தது முன்னோக்கி நாலரைக் குட்டிக்கரணம், கடின மதிப்பு 3.7, கிடைத்தது 101.01. சீன ஜோடி அதைவிட அழகாகக் குதித்து 101.52 எடுத்தது, ஆனால் அவர்களுடைய கடின மதிப்பு 3.6. டேலியும் லீயும் அதே தரத்தில் 3.6 குதிப்பொன்றைக் குதித்திருந்தால் 98.28தான் கிடைத்திருக்கும், தங்கம் போயிருக்கும். லண்டனில் 3.3ஆல் எட்டாமல் போனதை டோக்கியோவில் 3.7ஆல் எட்டிப் பிடித்திருக்கிறார்.

கரையோரத்தான் எழுதியது:

பிடிபட்டீர்கள். கடைசிக் குதிப்பை மட்டும் தனியே எடுத்துப் பேசக்கூடாது, ஆறும் சேர்ந்ததே பட்டியல் என்று எனக்குப் பாடம் நடத்தியவர் தாங்கள்தானே? இப்போது டோக்கியோவின் கடைசிக் குதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கிறீர்கள். சீன ஜோடி நான்காம் சுற்றில் தடுமாறியதையும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

ஏழாம் நடுவர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், கை அரித்துவிட்டது. நான்காம் சுற்றில் அவர்கள் தடுமாறியதும் உண்மை. ஆனால் தடுமாறிய சீனாவைப் பிடிக்கும் தூரத்தில் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. வெண்கலம் வென்ற ரஷ்ய வீரர்கள் 30 புள்ளிகளுக்கும் மேல் பின்னால் இருந்தார்கள்.

படியிறங்கியவன் எழுதியது:

இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து ஒலிம்பிக்கிலும் டேலியின் ஜோடி வெவ்வேறு ஆள்: பெய்ஜிங்கில் பிளேக் ஆல்ட்ரிஜ், லண்டனில் பீட்டர் வாட்டர்ஃபீல்ட், ரியோவில் டேனியல் குட்ஃபெலோ, டோக்கியோவில் லீ, பாரிஸில் நோவா வில்லியம்ஸ். முதல் இருவரோடு எட்டாவதும் நான்காவதும். அடுத்த மூவரோடு வெண்கலம், தங்கம், வெள்ளி. ஒவ்வொரு முறையும் வேறொருவருடைய தாவும் உயரத்துக்கும் சுழலும் வேகத்துக்கும் தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டும். ஜோடிப் பிரிவின் 11 நடுவர்களில் ஐவர் அந்தப் பொருத்தத்தை மட்டுமே பார்ப்பவர்கள்.

கரையோரத்தான் எழுதியது:

இதற்கு என்னிடம் உடனடி மறுமொழி இல்லை. மூன்று வெவ்வேறு இணைகளோடு மூன்று பதக்கம் என்பதை நான் இதுவரை இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை; லாஹர்கூட மியர்ஸோடும் ஆண்டனி ஹார்டிங்கோடுமாக இருவரோடுதான் ஒலிம்பிக் ஜோடிப் பதக்கம் வென்றிருக்கிறார். ஆகவே "பிரிட்டனின் தலைசிறந்த டைவர்" என்பதை இனி எதிர்க்கப் போவதில்லை. ஆனால் என் தலைப்புக் கேள்வி தனிநபர் பிரிவைப் பற்றியது. அதில் 590.95 எடுத்த நாளும் 403.25 எடுத்த நாளும் ஒரே மனிதருடையவை. ஒலிம்பிக்குக்கு வாய்த்தது இரண்டாவது நாள். டிபியாசி வரிசையில் அவரை வைக்க நான் இன்னும் தயாரில்லை.

ஏழாம் நடுவர் எழுதியது:

டிபியாசி வரிசையில் நானும் வைக்கவில்லை. அதற்கு அடுத்த வரிசையில் வைக்கிறேன், அங்கே சியூ போவும் இருக்கிறார். மூன்று உலகத் தனிநபர் பட்டங்களும் ஒலிம்பிக் வெள்ளியும் கொண்டவர் அவர். தனிநபர் தங்கம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவரையும் தாங்கள் சிறியவர் என்பீர்களானால், அதற்கு வேறொரு இழை தொடங்குங்கள், வருகிறேன்.