நெஞ்செரிச்சல் குளிசைக்கும் குரோமோகிரானினுக்கும் என்ன தொடர்பு?

உவர்மலை ரீச்சர்:
மாமி மூன்று வருடமாக ஒமெப்ரசோல் போடுகிறா, காலையில் இடியப்பத்துக்கு முன்னம் ஒன்று. போன மாதம் வேறொரு சந்தேகத்தில் குரோமோகிரானின் ஏ (ஓமோன் சுரக்கும் கலங்கள் விடுகிற ஒரு புரதம், சில கட்டிகளிலும் கூடும்) பார்க்கச் சொன்னார்கள். ரத்தம் கொழும்புக்குப் போய், முடிவு சாதாரண அளவின் மூன்று மடங்காக வந்தது. இணையத்தில் 'கட்டி' என்ற சொல்லைக் கண்டதும் மாமி கோணேசருக்கு நேர்த்தியே வைத்துவிட்டா. டொக்டரோ, "குளிசையின்ர வேலையாயிருக்கும், ரெண்டு கிழமை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் பாப்பம்" என்றார்.

உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு அது போதவில்லை. அமிலத்தைக் குறைக்கும் குளிசை, 14ஆம் நிறமூர்த்தத்தில் கிடக்கிற குரோமோகிரானின் மரபணுவை (எங்கள் புத்தகத்தில் பரம்பரையலகு) எப்படித் தட்டி எழுப்பும்?

பிசிஆர் பெடியன்:
ரீச்சர், குளிசை மரபணுவைத் தொடுவதே இல்லை. இடையில் காஸ்ட்ரின் என்ற ஓமோன் நிற்கிறது. அமிலம் குறைந்தால் இரைப்பையின் ஜி கலங்கள் காஸ்ட்ரினைக் கூட்டும். அது ஹிஸ்டமின் சுரக்கும் ஈசிஎல் கலங்களில் போய் ஒட்டும். அவையும் நரம்பு-அகஞ்சுரக்கும் வகைதான், அதாவது குரோமோகிரானின் செய்கிற கலங்கள். சமிக்ஞை கருவுக்குள் போய், புரொமோட்டரில் (மரபணுவுக்கு முன்னால் இருக்கும் ஆளி மாதிரியான பகுதி) உட்காரும் எஸ்பி1, கிரெப் என்ற புரதங்கள் வழியாக மரபணுவை முடுக்கும். நாட்பட அந்தக் கலங்களும் பெருகும்.

மரபணுவில் 8 எக்சொன்கள் (புரதத்துக்கான செய்தி உள்ள துண்டுகள்). அதிலிருந்து வரும் புரதத்தில் 457 அமினோ அமிலம், முதல் 18 வெட்டுப்பட்டு 439. அதை மேலும் நறுக்கினால் கிடைக்கும் துண்டுகளில் ஒன்று கட்டெஸ்டாட்டின். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பியின் கலங்கள் அட்ரினலினை விடுவதை அது அடக்கும். ஒரே புரதம், தனக்கே கடிவாளம்!

உவர்மலை ரீச்சர்:
சரி, கிரெப் ஈரல் கலத்திலும் இருக்கிறதே. அங்கே ஏன் இந்த மரபணு வேலை செய்யவில்லை? மூன்றாம் வாங்குப் பிள்ளை கட்டாயம் கேட்பாள்.

பழைய ஆய்வுகூடத்தான்:
நல்ல பிள்ளை. எலியின் புரொமோட்டரில், தொடக்கப் புள்ளிக்கு 71 முதல் 64 வரை முன்னால், டிஜிஏசிஜிடிஏஏ என்று எட்டே எழுத்து. கிரெப் பிடிக்கும் இடம் அதுதான். அந்தப் புரொமோட்டரோடு மின்மினியின் ஒளி நொதிய மரபணுவை ஒட்டி, அதிரீனல் கட்டியிலிருந்து வந்த பிசி12 கலங்களில் விட்டால் பளிச்சென்று எரியும். நார்க்கலங்களில் மங்கல். எட்டெழுத்தைக் கெடுத்தால் பிசி12இலும் இறங்கிவிடும். ஆனால் எழுத்து மட்டும் போதாது என்பது என் கட்சி. கிரெப்பின் 133ஆவது செரீனில் பொஸ்பேற்று ஏற வேண்டும், டிஎன்ஏயும் அவ்விடத்தில் சுருள் தளர்ந்து கிடக்க வேண்டும்.

மாமியிடம் சொல்லுங்கள், டொக்டர் சொன்னபடி மட்டும் நிறுத்தட்டும். நிறுத்தினதும் அமிலம் திருப்பி அடிக்கும்.

உவர்மலை ரீச்சர்:
அடித்துவிட்டது, ஐயா. இன்று ஐந்தாம் நாள். டொக்டர் தந்த வெள்ளைச் சிரப்பைக் குடித்துவிட்டு, இரண்டு தலையணைக்குச் சாய்ந்து குந்தியிருக்கிறா.