புதுப்பிப்பு: எலியின் சயாட்டிக் நரம்பில் புபிவகெய்ன் ஊசி – காரணம் தெரிந்தது

காலுக்குப் போகும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பருகே, மரத்துப்போகச் செய்யும் புபிவகெய்ன் மருந்தை ஊசியாகப் போட்டும் சில எலிகளுக்கு மட்டுமே கால் மரக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

மருந்தின் அளவைக் கூட்டியது பலிக்கவில்லை. ஊசி முனை நரம்புக்கு அருகில் போகாததுதான் காரணம். கைகொடுத்தது ஊசி வழியே சிறு மின்னோட்டம் செலுத்தும் நரம்புத் தூண்டிக் கருவிதான். மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, 0.5 மில்லி ஆம்பியருக்குக் கீழும் பாதம் துடித்தால்தான் மருந்தைச் செலுத்துகிறேன். 0.2 மில்லி ஆம்பியருக்கும் கீழே துடித்தால் ஊசி முனை நரம்புக்குள்ளேயே இருக்கலாம். சற்றுப் பின்னிழுக்க வேண்டும்.

பலித்தது கண்ணுக்கே தெரிகிறது. எலியைத் தூக்கினால் நல்ல காலின் விரல்கள் விசிறியாக விரிகின்றன. மரத்த காலில் ஒட்டிக்கிடக்கின்றன. பிறகு 56 டிகிரி செல்சியஸ் சூட்டுத் தட்டில் பாதத்தை வைத்து, எத்தனை வினாடியில் காலை இழுக்கிறது என்று அளக்கிறேன். 12 வினாடி ஆனதும் பாதத்தை நாமே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வெந்துவிடும்.

எதிர்பாராதது பாளையங்கோட்டை வெயில். மதியம் மின்சாரம் போய் ஏ.சி. நின்றால், மருந்தே போடாத எலியும் சீக்கிரம் காலை இழுக்கிறது. பாதத் தோல் முன்பே சூடேறிவிடுகிறது. அதனால் அளவீடெல்லாம் இப்போது காலையில்தான்.

மறுபக்கக் காலையும் தவறாமல் அளந்துவிடுங்கள். அதுவும் மந்தமானால், மருந்து ரத்தத்தில் கலந்து உடல் முழுக்க வேலை செய்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.