பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பாலினத்தைத் திருத்த அலைந்தவர்கள் இங்கே சொல்லுங்கள்

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா:

எங்கள் மகளுக்கு இப்போது நான்கு வயது. பிறந்தபோது ஆண் குழந்தை என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள். பிறப்புப் பதிவிலும் அப்படியே ஏறிவிட்டது. அவளுக்கு இருப்பது சிஏஎச் என்று சுருக்கிச் சொல்லும் பிறவிக் குறைபாடு. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசாலைச் சரியாகச் சுரக்காமல் ஆண் ஹார்மோனை அளவுக்கு மேல் சுரந்துவிடுகிறது. வயிற்றில் இருக்கும்போதே இது நடப்பதால், கருப்பையும் சினைப்பையும் உள்ள பெண் குழந்தைக்கும் வெளியே பார்க்கப் பையனைப் போலத் தெரியலாம். தொட்டுப் பார்த்தால் விரை இரண்டும் இருக்காது. பிரசவம் பார்த்த இடத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

காகிதக் கதைக்குப் போகும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன், புதிதாகக் குழந்தை பெற்றவர்கள் யாராவது படிக்கலாம். ஆண் என்று சொன்ன குழந்தைக்கு விரை தட்டுப்படவில்லை, இரண்டாவது வாரத்தில் பால் குடிக்காமல் வாந்தி எடுக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறி, குழந்தை துவண்டுவிடும். எங்கள் பெண்ணை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த்தான் மீட்டோம். 17-ஓஎச்பி என்ற ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், குரோமோசோம் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, இது 46 எக்ஸ்எக்ஸ், பெண் குழந்தை என்றார்கள். ஹைட்ரோகார்டிசோனும் ஃப்ளூட்ரோகார்டிசோனும் ஆயுசுக்கும் தர வேண்டும். காய்ச்சல் வந்தால் டோஸைக் கூட்ட வேண்டும். அதெல்லாம் இப்போது எங்களுக்குப் பழகிவிட்டது.

அப்புறம் சான்றிதழ். பெயரை இன்னும் பதியவில்லை என்பது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் பாலினம் ஒன்றைத்தான் திருத்த வேண்டியிருந்தது. ஆனால் அலுவலகத்தில் கேட்டதும் கிடைத்த பதில், "அதெல்லாம் மாத்த முடியாதும்மா, கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வாங்க." இதே பதிலைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப்போன குடும்பங்கள் எத்தனையோ இருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15-வது பிரிவைப் படியுங்கள். பதிவில் இருக்கும் விவரம் பிழை என்று பதிவாளருக்குத் திருப்தியாக நிரூபித்தால் அவரே திருத்தலாம். எழுத்துப்பிழைக்கு மட்டும் என்று அதில் சொல்லவில்லை, விஷயமே தவறாக இருந்தாலும் திருத்தலாம். பழைய பதிவை அடித்து அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுவார்கள். இதற்கு என்ன ஆதாரம் வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதிகள் 2000-இல் 11-வது விதியில் இருக்கிறது: விஷயம் தெரிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேர், எது பிழை, எது உண்மை என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. இந்த இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போன பிறகுதான் பேச்சே மாறியது.

மருத்துவர் கடிதத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதலில் எங்களுக்குக் கிடைத்த கடிதத்தில் நோயின் பெயர், சிகிச்சை, மாத்திரை எல்லாம் விவரமாக இருந்தது. குழந்தை பிறக்கும்போதே பெண், ஆண் என்று பதிந்தது தவறு என்ற ஒரு வரி மட்டும் இல்லை. பதிவாளர் அதைப் படித்துவிட்டு, ஆணாகப் பிறந்து இப்போது ஏதோ மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். 15-வது பிரிவு பிழையைத் திருத்துவதற்கானது. ஆகவே பிறந்த அன்றே பிழை இருந்தது என்று கடிதம் சொல்ல வேண்டும். ஹார்மோன் மருத்துவரிடம் விளக்கிச் சொன்னதும், சுருக்கமாக, தெளிவாக வேறு கடிதம் தந்தார். பிரசவம் நடந்த மருத்துவமனையிலும் ஒரு கடிதம் வாங்க வேண்டியிருந்தது. பதிவாளருக்குப் பிறப்புத் தகவலை அனுப்பியது அவர்கள்தானே.

இன்னொன்று சொல்கிறேன், இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. "குழந்தையைக் கூட்டிட்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்றார் அங்கிருந்த ஒருவர். முடியாது என்று சொன்னேன். பார்க்க வேண்டியவர் மருத்துவர், அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார் என்றேன். "ஆபரேஷன் முடிஞ்சுதா?" என்று அடுத்த கேள்வி. பிழை திருத்தத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவளுக்கு அறுவை சிகிச்சை எதுவும் செய்யவில்லை, இப்போதைக்குச் செய்வதாகவும் இல்லை. வளர்ந்த பிறகு அவள் உடம்பைப் பற்றி அவளே முடிவெடுப்பாள்.

மொத்த ஃபைலையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். குரோமோசோம் ரிப்போர்ட்டின் நகல் ஏதோ ஓர் அலமாரியில் கிடந்து, பத்து வருடம் கழித்து ஊரில் யாராவது எடுத்துப் படிக்கும் நிலை நம் பிள்ளைக்கு வரக் கூடாது. கடிதம் போதும். உறுதிமொழிக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடிய இரண்டு பேரைப் பாருங்கள். எங்களுக்கு என் அண்ணனும், பிரசவத்தின்போது கூடவே இருந்த என் பெரியம்மாவும் எழுதிக் கொடுத்தார்கள்.

புதிய சான்றிதழில் பெண் என்று வந்த பிறகுதான் ஆதார் எடுத்தோம், குடும்ப அட்டையில் சேர்த்தோம். இந்த வரிசை முக்கியம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டத்திருத்தம் வந்துவிட்டது. அங்கே பிழை இருந்தால் போகிற இடமெல்லாம் கூடவே வரும்.

மதுரை மாவட்டத்திலிருந்து ஓர் அப்பா:

அம்மா எழுதியதைப் படித்ததும் நானும் சொல்லலாம் என்று தோன்றியது. எங்கள் கதை இதற்கு நேர் எதிர். பெண் என்று பதிந்து, பெண்ணாகவே வளர்த்தோம். ஏழாம் வகுப்பில் குரல் உடைந்தது, உடம்பு பையனுடையதாக மாற ஆரம்பித்தது. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதிக் குறைபாடு, குரோமோசோம் ஆணுக்குரிய எக்ஸ்ஒய், பிறக்கும்போது வெளியே பெண்ணைப் போலத் தெரியலாம் என்று மருத்துவர் சொன்னார். சொந்தத்தில் கட்டியதால் இருவரிடமும் அந்த மரபணு இருந்திருக்கிறது. அதற்காக என் மனைவியை யாரும் ஒரு வார்த்தை சொல்ல நான் விடவில்லை.

மருத்துவர் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசினார். வெளியே வந்து அவர் சொன்னது: "உங்கள் பிள்ளைக்கு ரொம்ப நாளாகவே தெரிந்திருக்கிறது. உங்களிடம் சொல்லப் பயம்." அவன் பையன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் உணர்ந்திருக்கிறான். எந்தத் தாளும் வாங்குவதற்கு முன்னால் அவனை அவன் விரும்பிய பெயரில் கூப்பிட ஆரம்பித்தோம்.

உறவில் சிலர், சின்னப் பிள்ளையாக இருந்தபோதே ஆபரேஷன் செய்து பெண்ணாகவே ஆக்கியிருக்கலாமே என்றார்கள். அப்படிச் செய்திருந்தால் இன்று அவன் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளையில்தான் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஆண், பெண் என்று சட்டெனப் பிரித்துச் சொல்ல முடியாத உடலமைப்போடு பிறக்கும் ஊடுபால் குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட அறுவை சிகிச்சை செய்வதைத் தடை செய்து ஆணை போடும்படி அரசுக்கு உத்தரவிட்டார். வழக்கு என்னவோ தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிய மறுத்தது பற்றியது. அதே தீர்ப்பில் இந்தக் குழந்தைகளைப் பற்றியும் எழுதினார். அந்த ஆகஸ்டிலேயே அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு. இந்தியாவிலேயே முதலில் தடை போட்டது நம் மாநிலம். மருத்துவமனையில் யாராவது அவசரப்படுத்தினால் இந்த அரசாணையைச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றிதழை நாங்களும் 15-வது பிரிவில்தான் திருத்தினோம். இழுபறியானது மற்றதெல்லாம். பெண் பெயர் பதின்மூன்று வருடமாக எல்லாத் தாளிலும் இருந்தது. பெயர் மாற்றத்துக்குத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும், மைனர் என்பதால் நான் விண்ணப்பித்தேன். ஆதாரில் பாலினத்தை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மாற்ற விடுகிறார்கள் என்பதால், பெயர், பாலினம் இரண்டுக்கும் தாள் கைக்கு வந்த பிறகு போனோம். அங்கே உட்கார்ந்திருந்த பையன் திரையைப் பார்த்துவிட்டு, "சார், பெண்ணிலிருந்து ஆணா?" என்று வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான். என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அவன் தோளில் கை போட்டு, "ஆமாம் தம்பி, பழைய பதிவு தப்பு. மெதுவாகப் பேசு" என்றேன். அந்தப் பையன் உடனே மன்னிப்புக் கேட்டான், வேலையையும் சரியாக முடித்துக் கொடுத்தான்.

பள்ளிக்கூடத்தை மாற்றினோம். டிசி தரும் முன்பே எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் பெயரும் பாலினமும் மாறியாக வேண்டும் என்று நின்றேன். பழைய விவரத்தோடு டிசி போனால் புதிய பள்ளியில் முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெற்றோர் கவனிக்க வேண்டிய கெடு ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மாணவர் பட்டியலை எமிஸிலிருந்துதான் எடுக்கிறார்கள். அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும்.

சென்னையிலிருந்து:

அண்ணா, உங்கள் மகனிடம் என் அன்பைச் சொல்லுங்கள். என் மகளுக்குப் பதினாறு வயது. அவளுக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை, அவள் திருநங்கை. அதனால் 15-வது பிரிவு எங்களுக்கு உதவவில்லை. பதிவில் பிழை இருந்ததாக எந்த மருத்துவரும் எழுதித் தர முடியாது என்றார்கள்.

நாங்கள் 2022-இல் போன வழி, திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019. பிள்ளை மைனர் என்றால் பெற்றோர் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்கலாம் என்று அப்போது இருந்தது. தேசிய இணையதளத்திலேயே பதியலாம், உடல் பரிசோதனை கேட்கக் கூடாது என்று 2020 விதிகளில் இருந்தது. எங்களை யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் கிடைத்த சான்றிதழில் திருநர் என்றுதான் இருந்தது. பெண் என்று வேண்டுமென்றால் அறுவை சிகிச்சை செய்த சான்றைக் கேட்டது சட்டம். அறுவை சிகிச்சையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் சொல்லியிருந்தும் அப்படி எழுதியிருக்கிறார்கள். இது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. மகளிடம் கேட்டேன். "வாங்கும்மா, பள்ளிக்கூடத்துல பேராவது மாறும்ல" என்றாள். வாங்கினோம். வருகைப் பதிவேட்டில் பெயர் மாறியது. அவள் பள்ளிக்கு விடுப்பு எடுப்பதும் குறைந்தது.

விழுப்புரம் அம்மா:

தங்கச்சி, உன் மகள் கெட்டிக்காரி. அப்பா எழுதிய ஆதார் விஷயத்தைப் பற்றி என்னிடம் தனியாகச் சிலர் கேட்டார்கள். ஒரு முறை மாற்றிவிட்டு அதிலும் தவறு வந்துவிட்டால் 1947 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், மண்டல அலுவலகத்தில் கேட்கும் வழியைச் சொல்வார்கள். ஐந்து வயதுக்குள் எடுக்கும் நீல நிற ஆதாரில் கைரேகை இருக்காது, ஐந்து வயதானதும் எப்படியும் போய்ப் பதிய வேண்டும். என் மகளுக்கு அடுத்த வருடம் அது வருகிறது. மருத்துவர் கடிதத்தின் மாதிரியை, குழந்தையின் விவரங்களை எடுத்துவிட்டு, தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.