சாஸ்கடூன் கிளம்பும் தம்பிக்கு: பதினொன்றரை மணி நேரக் கணக்கு

சில ஆண்டுகள் கனடாவின் சாஸ்கடூனில் இருந்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருப்பவன் என்பதால், இரண்டு ஊர்க் கடிகாரமும் எனக்குப் பழக்கம்.

சாஸ்கடூன் இருக்கும் சஸ்காச்சுவான் மாகாணத்தின் பெரும்பகுதியில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகார முள்ளைத் திருப்பும் வழக்கம் இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே வித்தியாசம்தான். அங்கே காலை 7 என்றால் திருநெல்வேலியில் மாலை 6.30. காலையை மாலையாக்கி அரை மணியைக் கழித்துவிடுங்கள். டொராண்டோ சொந்தக்காரர் சொல்லும் கணக்கு உங்களுக்கு உதவாது. அது கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று.

வீட்டுக்குப் பேசுவதை உங்கள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணிக்கு அழைத்தால் இங்கே மறுநாள் காலை 7.30, அம்மா தோசைக் கரண்டியும் கையுமாக ‘ம், ம்’ என்று மட்டும் சொல்வார். நீங்கள் காபி குடிக்கும் நேரத்தில்தான் இங்கே விளக்கேற்றி, இருட்டுக்கடை அல்வாவுக்கு வரிசையும் நின்றுகொண்டிருக்கும். அப்போதுதான் ஊர்க்கதை ஒழுங்காக வந்து சேரும்.

நாள்காட்டியைப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ராகு காலத்தை அதில் பார்க்காதீர்கள். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையான பொழுதை எட்டாகப் பங்கிட்டால், அதில் ஒரு பங்குதான் ராகு காலம். இங்கே பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் என்பதால் பங்குக்கு ஒன்றரை மணி. சாஸ்கடூனில் டிசம்பர் கடைசியில் சூரியன் எழுவதே 9 மணிக்கு மேல், விழுவது 5 மணி வாக்கில். ஒரு பங்கு ஒரு மணி நேரம்கூட வராது. ஜூனிலோ இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்று இங்கே அச்சிட்டிருப்பது, அங்கே குளிர்காலத்தில் விடியாத இருட்டு! அமாவாசையும் சில மாதம் அங்கே முந்தைய தேதியில் விழும். அந்த ஊருக்கென்று கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.

அதுவும் ஆற்றங்கரை ஊர்தான், பாலங்களின் நகரம் என்றே பெயர். ஆனால் நம்மூர்த் தாமிரபரணியின் சுலோசன முதலியார் பாலத்தில் எதிர்ப்படுபவர் கேட்கிற ‘எங்கே போகிறீர்கள், சம்பளம் எவ்வளவு’ எல்லாம் அங்கே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் வானிலை தவிர வேறு பேச மாட்டார். சொல்லாமல் கொள்ளாமல் யார் வீட்டுக்கும் போய்விடாதீர்கள். அதே மனிதர், உங்கள் கார் பனியில் சிக்கினால் கேட்காமலே வந்து தள்ளுவார். கார் முன்பக்கத்தில் ஒரு மின்வயர் தொங்கும். கடுங்குளிர் இரவில் அதைச் செருகி எஞ்சினைச் சூடாக வைக்க வேண்டும். வீடு பார்க்கும்போதே வண்டி நிறுத்துமிடத்தில் அந்த இணைப்பு உண்டா என்று கேளுங்கள்.

சமையலுக்குக் கவலை வேண்டாம். மைசூர் பருப்பு விளைகிற மண் அது. சாம்பாரில் துவரையோடு பாதி கலக்கலாம், சீக்கிரம் குழையும். நம்மூர்த் தேங்காய்ப்பால் குழம்பான சொதிக்கு மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள், பாசிப்பருப்பைத் தேடி வாங்குங்கள்.