ஈலி போறதுக்கு முன்னாடி ரெண்டு சந்தேகம்: பின்பக்கக் குழாய் கசிவு, ஆஷ் மர விறகு

முதல்_வீடு:
வணக்கம். மினசோட்டாவில் செயிண்ட் பால் நகரத்தில் இந்த வசந்தத்தில்தான் வீடு வாங்கிக் குடிவந்தோம். இதுவரை அபார்ட்மென்ட்டிலேயே இருந்ததால, பனிக்கு முன்னாடி வீட்டைத் தயார் பண்றது எங்களுக்குப் புதுசு. செப்டம்பர் கடைசியில் மாநிலத்தோட வடக்கே ஈலி ஊர்ப் பக்கம் நண்பர்கள் வீட்டுக்குப் போறோம். என் கணவரோட வேலை பார்த்து ஓய்வு பெற்றவரும் அவர் மனைவியும் அங்கே ஏரிக்கரையில் மர வீட்டில் இருக்காங்க. இலை நிறம் மாறும்போது கட்டாயம் வாங்கன்னு கோடையிலேயே கூப்பிட்டாங்க. கிளம்புறதுக்குள்ள ரெண்டு விஷயம் தெளிவாகணும்.

முதல்ல குழாய். கோடை முழுக்க முன்பக்கக் குழாயைத்தான் பயன்படுத்தினோம். கூரையோர கட்டரைக் கழுவ இப்பதான் பின்பக்கக் குழாயைத் திறந்தோம். வெளியே தண்ணீர் நல்லா வருது, ஆனா அதே நேரம் பேஸ்மென்ட்டில் அந்தச் சுவரோரம் மேலேயிருந்து சொட்டுது. மூடினா கொஞ்ச நேரத்தில் நின்னுடுது. மூடியே வச்சிட்டு ஊருக்குப் போகலாமா?

அடுத்தது விறகு. கொல்லையில் இருந்த ஆஷ் மரம் பட்டுப்போய், ஜூலையில் ஆள் வச்சு வெட்டினோம். பிளந்த விறகு கராஜ் ஓரம் அடுக்கியிருக்கு. நண்பர்கள் வீட்டில் விறகு அடுப்புதான். கையை வீசிக்கிட்டுப் போக மனசு வரலை. கார் டிக்கி நிறைய எடுத்துட்டுப் போகலாம்னு நினைக்கிறோம். நல்லா காய்ஞ்சிருக்கான்னு எப்படிப் பார்க்கறது?

பைப்_ரிஞ்சு:
குழாய் விஷயம் நான் சொல்றேன். உங்களோடது உறையாத வகைக் குழாயா இருக்கணும். வெளியே தெரியற கைப்பிடியில் தண்ணீர் நிக்காது. அதிலிருந்து ஒரு நீளக் குழல் சுவருக்குள்ள 8, 10 அங்குலம் போகும், அந்த உள் முனையில்தான் வால்வு. மூடினதும் குழலில் மிச்சமிருக்கிற தண்ணீர் வெளியே வடிஞ்சிடணும். ஹோஸைக் கழட்டாம விட்டா வடியாது. அங்கேயே நின்னு, ஜனவரிக் குளிரில் உறைஞ்சு, குழலைப் பிளந்துடும். முன்னாடி இருந்தவங்க ஒரு குளிர்காலம் ஹோஸை மாட்டியே விட்டிருப்பாங்க. பிளவு வால்வுக்கு வெளிப்பக்கம் இருக்கிறதால, திறந்தா மட்டும் சொட்டும்.

மூடி வச்சா உடனே வெள்ளம் வராது. ஆனா அதை நம்பி விட்டுட்டுப் போக வேண்டாம், யாராவது திறந்தா தண்ணீர் சுவருக்குள்ள இறங்கும். பேஸ்மென்ட் மேல்தளத்தில் அந்தக் குழாய் வர்ற வழியில் தனி வால்வு இருக்கான்னு தேடுங்க. அதை மூடிட்டு வெளிக் குழாயைத் திறந்து வடிய விடுங்க. முன்பக்க ஹோஸையும் இப்பவே கழட்டிடுங்க.

டுலுத்வாசி:
விறகை எடுத்துட்டுப் போகாதீங்க, தயவுசெய்து. காய்ஞ்சிருக்கா இல்லையாங்கிறது அப்புறம்.

பட்டுப்போன ஆஷ் மரம்னு சொன்னதுமே எனக்குப் பயமாப் போச்சு. எமரால்ட் ஆஷ் போரர்னு ஒரு பச்சை வண்டு. 2002ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்னிருக்கு. மினசோட்டாவில் முதன்முதலா 2009ல் தெரிய வந்ததே செயிண்ட் பாலில்தான். புழு பட்டைக்கு அடியில் தின்னுக்கிட்டே போகும், மரத்துக்குள்ள நீரும் சத்தும் ஓடுற வழி அறுந்து மேல்கிளையிலிருந்து காய ஆரம்பிக்கும். வண்டு தானாப் பறந்து பரவினா வருஷத்துக்குச் சில மைல்தான். ஒரே ராத்திரியில் 200 மைல் தாண்ட வைக்கிறது நம்ம கார் டிக்கி.

உங்க கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இந்த வண்டுக்காகத் தனிமைப்படுத்தினது. அங்கிருந்து சான்று இல்லாம கடின மர விறகை அந்த எல்லைக்கு வெளியே கொண்டுபோறது சட்டப்படியும் தப்பு. சட்டத்தை விட எனக்கு அந்தக் காடுதான் பெருசு. அமெரிக்காவிலேயே ஆஷ் மரம் அதிகம் இருக்கிறது மினசோட்டாவில்தான், சுமார் 100 கோடி. வடக்கே சதுப்பு நிலம் முழுக்கக் கருப்பு ஆஷ். அது செத்தா நிலத்தடி நீர் மேலே ஏறி, காடு இருந்த இடம் புல்லும் புதருமா மாறிடும். அங்கத்துப் பழங்குடி ஒஜிப்வே மக்கள் அந்த மரத்தை அடிச்சு அடிச்சு வளையம் வளையமாப் பிரிச்சுக் கூடை பின்னுறாங்க. அந்தக் கைவேலைக்கு வேற மரம் ஈடாகாது.

முதல்_வீடு:
நன்றி அண்ணா, இதைப் படிச்சதும் டார்ச்சோட போய்ப் பார்த்தேன். பட்டையில் சின்னச் சின்ன ஓட்டை, அரிசி நீளம்கூட இல்லை. ஒரு பக்கம் தட்டையா, மறுபக்கம் வளைவா, பாதி நிலா மாதிரி. ஒரு கட்டையில் பட்டை கையோட உரிஞ்சு வந்தது. அடியில் பாம்பு போன தடம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கோடு, உள்ளே மரத்தூள் அடைச்சிருக்கு. பட்டையை மொத்தமா உரிச்சுட்டா எடுத்துட்டுப் போகலாமா?

டுலுத்வாசி:
அதேதான், சந்தேகமே இல்லை. பட்டையோட அதுக்கு அடியில் அரை அங்குல மரத்தையும் சீவி எடுத்தாத்தான் கணக்கு. ஒவ்வொரு கட்டையையும் அப்படிச் சீவுறது வீட்டில் ஆகாத வேலை. பிளந்து காய வச்சதால புழு செத்திருக்கும்னு நினைக்காதீங்க. வெட்டின விறகிலிருந்து 2 வருஷம் வரைக்கும் வண்டு வெளியே வரும். உங்க கொல்லையிலேயே எரிச்சுத் தீர்த்துடுங்க, இல்லைன்னா கவுன்ட்டி மரக்கழிவு மையத்தில் கேளுங்க. நண்பர்களுக்கு விறகுதான் கொடுக்கணும்னா ஈலி போய்ச் சேர்ந்து அங்கேயே வாங்குங்க. எரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வெட்டின விறகு, இல்லைன்னா பூச்சி சாகச் சூடாக்கினதுன்னு சான்று ஒட்டின கட்டு.

வடக்குச்சாலை:
தங்கச்சி, அந்த வயசில் இருக்கிறவங்களுக்கு விறகை விடக் கைதான் வேணும். செப்டம்பர் கடைசின்னா ஏரிக்குள்ள நீட்டியிருக்கிற டாக்கை, அதாவது படகு கட்டுற மேடையை, கரைக்கு இழுக்கிற நேரம். ஏரி உறையும்போது பனிக்கட்டி அதை நசுக்கிடும். ரெண்டு பேர் தண்ணீரில் இறங்கணும், ஒருத்தர் கரையில் நிக்கணும். தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிரும், அதனால மார்பு வரைக்கும் வர்ற ரப்பர் உடை அவங்ககிட்ட இருக்கான்னு முன்னாடியே கேளுங்க. நாங்க போற வீட்டில் வருஷா வருஷம் இந்த வேலைதான் முதல் நாள். முடிஞ்சதும் அடுப்போரம் உட்கார்ந்து சாப்பிடுற ரசத்துக்கு வீட்டுக்காரங்களே தட்டை நீட்டுவாங்க, பொடி கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க.

இருட்டுறதுக்குள்ள போய்ச் சேருற மாதிரிக் கிளம்புங்க. வர்ஜீனியா ஊரைத் தாண்டினா 169ஆம் சாலையில் மான் குறுக்கே பாயும். ராத்திரி உறைபனி வரலாம், குழந்தைகளுக்குத் தடிமனான உடை வேணும்.

முதல்_வீடு:
அக்கா, டாக் பத்தி இப்பவே போன் பண்ணிக் கேட்டாச்சு. இந்த வருஷம் யாரைக் கூப்பிடுறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். விறகு இங்கேயே இருக்கட்டும், எடுத்துட்டுப் போகலை.

குழாய்க்கு உள் வால்வு கிடைச்சது, மூடி வடிய விட்டாச்சு. புதுக் குழாயை நாங்களே மாட்டலாமா?

பைப்_ரிஞ்சு:
பேஸ்மென்ட் பக்க இணைப்பைப் பாருங்க. மரை போட்டு முறுக்கினதுன்னா ரெண்டு ரிஞ்சு இருந்தா மாட்டலாம், ஒன்றால உள் குழாயைப் பிடிச்சுக்கணும், இல்லைன்னா அதுவும் சேர்ந்து திருகிடும். ஈயம் பத்த வச்சதுன்னா பிளம்பரைக் கூப்பிடுங்க, மர உத்தரத்துக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பழைய குழலை வெளியே இழுத்து நீளம் அளந்து, அதே நீளத்தில் வாங்குங்க. மாட்டும்போது வெளிப்பக்கம் லேசாச் சரிஞ்சு இருக்கணும், அப்பதான் மூடினதும் வடியும். அக்டோபருக்குள்ள முடிச்சிடுங்க.