மறுமொழி: மாரத்தான் ஓடுகிறவர்களின் ‘ஆஃப் சீசன்’ – தமிழில் என்ன சொல்வது?

> ‘ஓய்வுப் பருவம்’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, தப்பாகப் புரியும். நான் அப்படிப் புரிந்துகொண்டவன்தான். ஜனவரியில் மாரத்தான் முடித்துவிட்டு, ரெஸ்ட் என்று பத்து வாரம் ஷூவைத் தொடவில்லை. ஏப்ரலில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுப் பாதையில் ஏறினால், ‘3/20’ என்று பலகை வைத்த மூன்றாவது வளைவிலேயே தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். பலாப்பழம் ஏற்றி இறங்கிய வண்டிக்காரர் நிறுத்தி, “பஸ்ஸ விட்டுட்டீங்களா?” என்றார்.

ஒரு மாரத்தான் முடிந்து அடுத்ததற்கான பயிற்சி தொடங்கும்வரைதான் ஆஃப் சீசன். இதில் இரண்டு காலம் கலந்து கிடக்கிறது. 42 கிலோமீட்டர் ஓடியபின் முதல் இரண்டு மூன்று வாரம் நிஜமாகவே ஓய்வு. அதற்கு ‘ஆறப்போடுதல்’ போதும்; காபியும் ஆறும், காயமும் ஆறும்.

நாம் பெயர் தேடுவது அதற்குப் பிந்தைய இரண்டு மூன்று மாதத்துக்கு. மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் மெதுவாகத்தான் பழகும். அவற்றுக்கு அவகாசம் கொடுக்கிற காலம் இது. வாரம் நாலைந்து நாள், பேசிக்கொண்டே ஓடும் வேகம். ஞாயிறன்று 30 அல்ல, 15 கிலோமீட்டர். சேலம் கோரிமேட்டுப் பக்கம் ஏதாவது ஏற்றத்தில் பத்து விநாடிப் பாய்ச்சல், ஆறு தடவை. அப்புறம் தோப்புக்கரணம், குதிகால் தூக்கல்.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், வெறும் 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லையே இந்த அடிப்படைக் காலத்தில் வாரம் 160 கிலோமீட்டர் அளவுக்கு ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல்லுக்குத் தங்கம். இதைப் போய் ஓய்வு என்பதா?

என் பரிந்துரை: ‘கோடையுழவு’. அறுவடை முடிந்த நிலத்தைச் சும்மா போடாமல் உழுதுவைக்கிறோமே, அதேதான். ‘கொண்டை ஊசி வளைவு’ நிலைத்தது எப்படி? சொல்லிலேயே படம் இருக்கிறது.

----

தம்பி, உழவு சரி, கோடை இடிக்கிறது. ஆகஸ்டில் ஹைதராபாத் மாரத்தான் ஓடுகிறவருக்கு இந்த இடைவெளி ஐப்பசி மழையில் அல்லவா வரும்? ‘இடையுழவு’ என்றும் மாற்ற முடியாது. எங்கள் ஆத்தூர்ப் பக்கம் அது பயிர் நிற்கும்போதே வரிசைக்கு நடுவில் ஓட்டுவது.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்கிறோம்; பட்டம் என்றால் விதைக்கிற பருவம். ஒரு மாரத்தானுக்கான பயிற்சிக் காலம் ஒரு ‘பட்டம்’. இரண்டு பட்டத்துக்கு நடுவில் ‘இடைப்பட்டம்’. ‘பயிற்சிச் சுழற்சி’ என்று நாக்கைக் கடித்துக்கொள்ளவும் வேண்டாம்.

----

அண்ணா, பட்டம் என்றதும் காற்றாடியும் கான்வகேஷனும்தான் முதலில் ஞாபகம் வந்தது. ஆனாலும் பிடித்திருக்கிறது. ‘இடைப்பட்டப் பயிற்சி’யில் அந்த ‘ப்’ விழுந்தால் ‘இடைப்பட்ட பயிற்சி’ ஆகும். அப்போதும் பொருள் கெடவில்லை! ஒற்றுப்பிழையிலும் பிழைத்துக்கொள்ளும் கலைச்சொல் நமக்கு எங்கே கிடைக்கும்?

உழவை முழுக்க விட மனமில்லை. காலத்துக்கு இடைப்பட்டம், அதில் ஓடும் மெதுவான ஓட்டத்துக்கு ‘உழவோட்டம்’. ஞாயிறு ஐந்தரைக்கு அடிவாரத்தில் கூட ஓடுகிறவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். யாராவது “என்னது?” என்று கேட்டால் திங்களன்று மறுபடி எழுதுகிறேன்.