நெஞ்சுப் படம் சுத்தம், வயிற்றில் டிபி

தேவகோட்டையிலிருந்து:

எங்கள் ஆச்சிக்கு (கூடப்பிறந்த அக்காவைத்தான் இப்படிக் கூப்பிடுவோம்) போன வருஷம் மாசியில் வலது அடிவயிற்றில் வலி வந்தது. சாப்பிட்டதும் சுருட்டிப் பிடிக்கும், உள்ளே கடகடவென்று ஓடும், அப்புறம் அடங்கிவிடும். வாயு என்று ஓமத்தண்ணீரிலேயே நாலு மாதம் ஓட்டிவிட்டோம். ஒரு கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும்போது கையிலிருந்த வளையல் நழுவி வெள்ளைப் பணியாரத் தட்டில் விழுந்தது. அன்றைக்குத்தான் எடை பார்த்தோம். 9 கிலோ குறைந்திருந்தது. சாயங்காலக் காய்ச்சலையும் அதுவரை மறைத்திருக்கிறார்.

ஸ்கேனில் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடம் தடித்திருந்தது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம், இருமலே கிடையாது. அதனால் டிபி இல்லை, கிரோன் நோய் (கிருமி இல்லாமலே குடல் புண்ணாகி வீங்கும் நோய்) என்று ஸ்டீராய்டு எழுதிவிட்டார்கள். நல்லவேளை, மதுரையில் இன்னொரு டாக்டர் தடுத்தார். டிபியாக இருந்து ஸ்டீராய்டு மட்டும் போனால் கிருமி பரவிவிடுமாம். கொலனோஸ்கோப்பியில் (பெருங்குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது) சதைத் துணுக்கு எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஃபார்மலினில் (சதை கெடாமல் காக்கும், ஆனால் கிருமியைக் கொன்றுவிடும் திரவம்) போட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது என்று சிலதைத் தனியாகச் சலைனில் (உப்புநீரில்) போடச் சொன்னார். டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையில் ஒன்றும் வரவில்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் சிரிக்கவில்லை, குடல் டிபியில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும், அதனால் அந்தச் சோதனையில் தப்பிவிடலாம் என்றார். பயாப்சியில் டிபிக்கே உரிய கட்டிகள் தெரிந்தன. ஆறு வாரம் கழித்துக் கல்ச்சரிலும் கிருமி வளர்ந்துவிட்டது.

ஆறு மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சாகப் போனதும், "ரத்தமாப் போகுதுடா தம்பி" என்று ஒரே அழுகை. டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் செய்கிற வேலை அது. முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

பள்ளத்தூரிலிருந்து:

எங்கள் அம்மாவுக்கு வயிற்றில் நீர் கோத்தது. ரத்தத்தில் சிஏ-125 (சினைப்பைப் புற்றுநோயில் கூடும் ஒரு புரதம்) அளவும் கூடுதல். சினைப்பைப் புற்றுநோய் என்று வீடே இடிந்துபோனது. டிபியிலும் அந்த அளவு கூடுமாம், யாரும் சொல்லவில்லை. நீரை எடுத்து ஏடிஏ (டிபியில் கூடும் ஒரு நொதி) பார்த்ததில் டிபியோ என்று சந்தேகம் வந்தது, லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவால் பார்ப்பது) உறுதியானது. ஆச்சியோடு பழகியவர்களுக்குத் தொற்றுமா?

தேவகோட்டையிலிருந்து:

நுரையீரலில் இல்லாததால் அவரிடமிருந்து தொற்றாது என்றார்கள். ஆனாலும் எங்கள் எல்லோரையும் சோதித்தார்கள். ஆச்சிதான் கேட்கவில்லை. ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வளவில் தூணோரம் வைத்துக்கொண்டார். மாத்திரை முடிந்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கிறது.